உடும்புக்கு ஒரு வீடு

"உடும்புப் பிடி" என்று அடிக்கடி சொல்கிறோம். அந்த உடும்பை வளர்க்க என்னென்ன வேண்டும் தெரியுமா? தெரியாமலே வளர்த்தவன் நான்.

எட்டாவது படிக்கும்போது வயக்காட்டில் ஒரு குட்டி உடும்பு கிடைத்தது. பஞ்சாரத்தைக் கவிழ்த்து, வெயில் படாமல் திண்ணையோரம் வைத்தேன். முதல் நாள் முட்டை தின்றது. அப்புறம் எதையும் தொடவில்லை. பதினோராம் நாள் செத்துக் கிடந்தது. குளுகுளுன்னு நிழலில்தானே வைத்தோம், ஏன் செத்தது என்று அழுதேன்.

அந்த நிழல்தான் வினை. உடும்புக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. வெயில் காய்ந்து உடம்பு 35 டிகிரி வாக்கில் ஏறினால்தான் இரை செரிக்கும். இல்லையென்றால் தின்றது வயிற்றிலேயே கெட்டுப்போகும். சூடு கூடினால் வளைக்குள் ஓடும். ஆக, ஒரே கூண்டில் வெயிலும் வேண்டும், நிழலும் வேண்டும்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்க சவன்னா உடும்பை வளர்க்கிறார்கள். வளர்ந்தால் மூன்று, நான்கு அடி. அதற்குக் கூண்டு 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரமாவது வேண்டும். ஒரு மூலையில் ஹாலஜன் விளக்குகள். அதன் கீழே கல்லின் மேற்பரப்பு 55 டிகிரி. மறுமுனை 25 முதல் 28. நடுவில் எங்கே நிற்பது என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும். எலும்பு உறுதிக்குப் புற ஊதா விளக்கு தனியாக வேண்டும். அது கண்ணாடிக்கு வெளியே இருந்தால் பிரயோஜனமில்லை. தரையில் 2 அடி ஆழத்துக்கு ஈர மண், வளை தோண்டினால் இடியக் கூடாது. கம்பி வலைக் கூண்டு ஆகாது, ஈரமெல்லாம் போய்விடும். முழு உடம்பும் முங்கத் தண்ணீர்த் தொட்டி.

இரை பூச்சிகளும் நத்தைகளும். தினம் எலி போட்டே கொழுக்க வைத்துக் கொல்கிறவர்கள் அங்கேயும் உண்டு.

நான் எலெக்ட்ரிகல்காரன், கணக்குப் போடாமல் விடுவேனா? 100 வாட் விளக்கு மூன்று, தினம் 12 மணி நேரம்: மாதம் 108 யூனிட்!

நம்ம ஊர் உடும்புக்கு இந்தக் கணக்கே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலோ அடைத்து வைத்தாலோ 3 முதல் 7 ஆண்டு சிறை. அன்றைக்கு எனக்கு இது தெரியாது.

ஹாஸ்டலுக்குப் பின்னால் கரையான் புற்றில் ஒன்று இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் காய வெளியே வரும். வந்தால் காட்டுகிறேன், சாக்கு மட்டும் கொண்டு வராதீர்கள்.