முப்பது ரூபாய் விண்ணப்பம்

ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவிலுக்கு வரவேண்டும் என்று என் தங்கை பல வருஷங்களாக அழைத்துக்கொண்டிருந்தாள். நானும் ஒவ்வொரு வருஷமும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டு வந்தேன். கடைசியில் என்னிடமிருந்த சாக்குகளெல்லாம் தீர்ந்துபோய்விட்டன. வேறு வழியின்றி எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

அந்த ஊரைப் பாராத நேயர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். சங்கரனும் நாராயணனும் ஒரே திருமேனியில் ஆளுக்குப் பாதியாக எழுந்தருளியிருக்கும் ஸ்தலம் அது. அந்தத் திருக்கோலத்தைக் காணக் கோமதி அம்மன் தவமிருந்தாள் என்பது ஐதீகம். அதுவே ஆடித் தபசுத் திருவிழா. கோவில் வாசலைத் தாண்டித் தெருவுக்குள் நுழைந்தால், வீட்டுக்கு வீடு விசைத்தறியின் சத்தம் காதைத் துளைக்கும். புதிதாக வந்தவனுக்கு முதல் நாள் இராத்திரி தூக்கம் வராது. உள்ளூர்க்காரர்களுக்கோ அந்தச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும். நின்றுவிட்டதென்றால் மின்சாரம் போய்விட்டது, கூலியும் போய்விட்டது என்று அர்த்தம்!

என் தங்கையின் கணவருக்கு அங்கே சிறியதொரு தறிக்கூடம் இருக்கிறது. அவருக்கு ஒரே பெண், பி.காம். படித்தவள். திருவிழாக் கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பிய அன்று இரவு, சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும், என் மைத்துனர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மச்சான்! பிள்ளைக்கு ஓர் உத்தியோக விஷயமாக உங்களைக் கலந்துகொள்ள வேண்டும். வெளியூரில் ஒருவர் இருக்கிறார். முப்பதாயிரம் கொடுத்தால், இவள் ஒரு கம்பெனியில் ஒரு வருஷம் வேலை பார்த்ததாக ஸர்டிபிகேட் வாங்கித் தருகிறாராம். அது இல்லாவிட்டால் யாரும் கூப்பிடமாட்டார்களாம். என்ன செய்யலாம்?"

நான் பதில் சொல்வதற்கு முன், "ஏன், நடுவில் ஒரு வருஷம் என்ன ஆயிற்று?" என்று கேட்டேன்.

அவர் தலை குனிந்தது. பெண் கதவோரத்திலிருந்து பதில் சொன்னாள். "ஒரு பேப்பர் போய்விட்டது, மாமா. அதை மறுபடி எழுதித் தேறினேன். அந்தச் சமயத்தில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. ஒரு வருஷம் வீட்டோடேயே இருந்துவிட்டேன். அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்."

"உன் விண்ணப்பத்தைக் கொண்டு வா, பார்க்கலாம்" என்றேன்.

நான்கு பக்கம் கொண்டுவந்து கொடுத்தாள். முதல் பக்கத்தில் தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், தாய்மொழி. இரண்டாம் பக்கத்தில், ஒரு மகத்தான ஸ்தாபனத்தின் மகத்தான வளர்ச்சிக்காகத் தன் முழுத் திறமையையும் அர்ப்பணிக்க விரும்புவதாக ஒரு பிரதிக்ஞை. அது அவள் எழுதியதன்று. அவளுடைய சிநேகிதிகள் அத்தனை பேருடைய விண்ணப்பத்திலும் எழுத்துப் பிசகாமல் அதே பிரதிக்ஞை இருந்ததாம்! மூன்றாம் பக்கத்தில் கடின உழைப்பு, நேர்மை, தலைமைப் பண்பு முதலிய கலியாண குணங்கள். நான்காம் பக்கத்தில் பாட்டுக் கேட்பது, கோலம் போடுவது. எல்லாவற்றுக்கும் அடியில், மேற்கண்டவை யாவும் உண்மை என்று ஒரு சத்தியப் பிரமாணம். இத்தகைய விண்ணப்பங்கள் ஐம்பதை அனுப்பியிருந்தாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

"அம்மா! இந்தக் காகிதத்தில் எல்லாம் இருக்கிறது, நீ மட்டும் இல்லை" என்றேன். பிறகு அவர்களுக்கு ஒரு குமாஸ்தாவின் கதையைச் சொன்னேன். அதையே நேயர்களுக்கும் சொல்கிறேன்.

*

1912-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9-ஆம் தேதி. திருவல்லிக்கேணியில் குடியிருந்த இருபத்துநான்கு வயது வாலிபர் ஒருவர், சென்னைத் துறைமுகக் காரியாலயத்தின் தலைமைக் கணக்கருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அங்கே ஒரு குமாஸ்தா உத்தியோகம் காலியாக இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். அவருடைய யோக்கியதாம்சம் என்ன? மெட்ரிகுலேஷன் தேறியவர். எஃப்.ஏ. பரீட்சையில் தவறியவர். கும்பகோணத்தில் படித்து உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் தேறவில்லை. கணிதம் ஒன்றைத் தவிர வேறு எதிலும் அவருக்கு மனம் செல்லவில்லை. சில வாரங்கள் அக்கௌண்டண்ட் ஜெனரல் காரியாலயத்தில் மாதம் ரூ. 20 சம்பளத்தில் தாற்காலிகமாக இருந்தார். அவ்வளவுதான் அவருடைய அனுபவம்.

இந்த வாலிபர்தான் சீனிவாச இராமாநுஜன் என்பதை நேயர்கள் ஊகித்திருப்பார்கள்.

அந்த விண்ணப்பத்தில் கவனிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, அவர் மறைக்கவில்லை. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும், எதிர்பாராத சந்தர்ப்பங்களால் மேலே தொடர முடியாமற்போனதையும் நேராகச் சொன்னார். இரண்டாவது, அந்த இடைவெளியில் என்ன செய்தார் என்பதையும் சொன்னார்: பொழுதையெல்லாம் கணிதத்திலேயே செலவிட்டதாக எழுதினார். மூன்றாவது, தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வதற்குப் பதிலாக, பிரஸிடென்ஸி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் துரையின் கடிதத்தை இணைத்தார். அந்தத் துரை, இவர் கணிதத்தில் அசாதாரணமான ஆற்றல் படைத்தவர் என்று எழுதியதோடு நிற்கவில்லை. எண்களைக் கையாளுவதில் மிகுந்த வேகமுடையவர் என்பதையும் குறிப்பிட்டிருந்தார். கணக்குக் காரியாலயத்துக்கு வேண்டியது அதுதானே!

மார்ச்சு மாதம் 1-ஆம் தேதி இராமாநுஜன் வேலையில் அமர்ந்தார். மாதச் சம்பளம் ரூ. 30.

"சிபார்சு இருந்ததால்தானே கிடைத்தது?" என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்வி. சிபார்சு இருந்தது, ஆனால் அது எவ்விதம் சம்பாதிக்கப்பட்டது என்பதைப் பார்க்கவேண்டும். 1910-ஆம் ஆண்டு, கணித நோட்டுப் புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போய் டிப்டி கலெக்டர் வி. இராமசாமி ஐயரைப் பார்த்தார் இராமாநுஜன். இராமசாமி ஐயர் இந்தியக் கணித சங்கத்தை ஆரம்பித்தவர். நோட்டைப் புரட்டியவர், இப்படிப்பட்டவரைத் தம் இலாகாவில் ஒரு சில்லறை உத்தியோகத்தில் போட்டு அமுக்கிவிடக் கூடாது என்று எண்ணி, சென்னையிலுள்ள நண்பர்களிடம் அனுப்பினார். பிறகு நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் அதே நோட்டைப் பார்த்தார். சில காலம் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் ரூ. 25 அனுப்பினார். 1911-இல் இந்தியக் கணித சங்கத்தின் பத்திரிகையில் இராமாநுஜனின் முதல் கட்டுரை வெளிவந்தது. ஆக, அந்தச் சிபார்சுக்காரர்கள் அவருக்கு மாமனுமில்லை, மச்சானுமில்லை. வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள். உறவைப் பார்த்துச் செய்யும் சிபார்சு வேறு. உழைப்பைப் பார்த்துச் செய்யும் சிபார்சு வேறு.

துறைமுகத்து நாற்காலியில் இருந்துகொண்டே அவர் இரண்டாவது விண்ணப்பத்தை எழுதினார். கேம்பிரிட்ஜில் இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதிப் பயனில்லை. 1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி, ஹார்டி என்ற கணித அறிஞருக்கு எழுதினார். சென்னைத் துறைமுகக் கணக்குப் பகுதியில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா நான் என்றுதான் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். சர்வகலாசாலைப் படிப்பு இல்லை என்பதையும் ஒளிக்கவில்லை. அதற்கப்பால் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், சுமார் 120. கணித மேதை என்று அவர் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அந்தத் தேற்றங்கள் சொல்லின.

பலன் என்ன? அதே ஆண்டு மே மாதம் முதல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் ரூ. 75 உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1914-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் தேதி, ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளத்துடன் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1918-இல் ராயல் ஸொஸைட்டி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. இருபது, முப்பது, எழுபத்தைந்து என்று ஏறிய அந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும், அவர் செய்து வைத்திருந்த வேலையே அவருக்காகப் பேசியது.

*

இது இராமாநுஜனுக்கு மட்டும் உரிய உபாயம் என்று நினைக்கவேண்டாம். சுமார் 1482-ஆம் ஆண்டில், இத்தாலியில் லியோனார்டோ டா வின்ஸி என்பவர் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்ஸாவுக்கு உத்தியோகம் கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். உலகமே போற்றும் சித்திரக்காரர் அவர். ஆனால் கடிதத்தில் முதலில் வருவன என்ன? எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், கோட்டை தகர்க்கும் கருவிகள், பீரங்கிகள், சுரங்கங்கள்! சித்திரம் தீட்டவும் வரும் என்பதைக் கடைசியில்தான் சொன்னார். காரணம், மிலானின் அதிபருக்கு அப்பொழுது இருந்த கவலை யுத்தத்தைப் பற்றியது. சந்தேகமிருந்தால் செய்து காட்டத் தயார் என்றும் எழுதினார்.

நம் நாட்டிலும் பழைய உதாரணம் உண்டு. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, 921-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஊர்ச் சபைக்கு வருகிறவனுக்கு இன்ன நிலம், சொந்த மனையில் வீடு, இன்ன கல்வி, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட வயது என்று யோக்கியதாம்சங்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது என்றும் சொல்கிறது. சொல்லைவிடச் செய்ததையே ஊரார் கேட்டார்கள்.

*

கதை முடிந்ததும் என் மருமகளிடம் கேட்டேன்: "வீட்டோடேயே இருந்தாயே, அந்த ஒரு வருஷம் என்ன செய்தாய்?"

"ஒன்றும் செய்யவில்லை, மாமா. தறிக்கூடத்துக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டேன்."

"தான்" என்றாள்! விசாரித்தால், அந்த "தான்" என்பதற்குள் என்னென்னவோ இருந்தன. நூல் எவ்வளவு வந்தது, பாவுக்கு எவ்வளவு போயிற்று, சேலை எத்தனை இறங்கிற்று, கழிவு எவ்வளவு என்று தறிவாரியாக அவள் கணக்கு வைத்திருக்கிறாள். அப்பாவின் நோட்டுப் புத்தகத்திலிருந்ததை டாலியில் ஏற்றியிருக்கிறாள். மாதம் தவறாமல் ஜி.எஸ்.டி. கணக்கைத் தானே தாக்கல் செய்திருக்கிறாள். வாரக் கூலியில் ஒரு பைசா வித்தியாசம் வந்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

"அடி பெண்ணே! மறைக்கப் பார்க்கிறாயே, அந்த வருஷம்தானே உன்னுடைய நோட்டுப் புத்தகம்! அதை மூடி வைத்துவிட்டு, முப்பதாயிரம் கொடுத்து ஒரு பொய்யை வாங்கவா போகிறாய்?" என்றேன்.

பொய் ஸர்டிபிகேட்டில் பாபம் மட்டுமல்ல, அபாயமும் உண்டு. இன்றைய பெரிய கம்பெனிகள் பழைய வேலையைப் பற்றி விசாரிக்க ஆட்களை நியமிக்கின்றன. ஒருவர் எங்கே எத்தனை மாதம் வேலை பார்த்தார் என்பதை வருங்கால வைப்புநிதிக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். வேலையில் சேர்ந்த பிறகு வெளிப்பட்டாலும், வேலையும் போகும், பெயரும் போகும்.

அன்றிரவே மூவரும் உட்கார்ந்தோம். நான்கு பக்கம் ஒரு பக்கமாயிற்று. மதம், தகப்பனார் பெயர், கலியாண குணங்கள் எல்லாம் விடை பெற்றன. பெயர், ஊர், தொலைபேசி எண் முதலில். அதன் கீழ், செய்த வேலை. ஒவ்வொரு வரியிலும் ஒரு வினைச்சொல்லும், முடிந்த இடத்தில் ஓர் எண்ணும். தேர்வில் தவறித் தேறிய விவரம் ஒரே வரியில், தேதியுடன். கட்டம் கட்டிய அலங்காரங்களை நீக்கினோம். ஏனெனில் பல கம்பெனிகளில் விண்ணப்பங்களை முதலில் சலிப்பது மனிதரல்ல, கணிப்பொறி. அலங்காரத்தில் அதற்கு வழி தப்பிவிடும். விளம்பரத்தில் அவர்கள் எந்தச் சொல்லால் கேட்கிறார்களோ, நமக்கு உண்மையில் தெரிந்ததாயின், அதே சொல்லால் பதில் சொல்லவேண்டும். ஐம்பது பேருக்கு ஒரே காகிதத்தை அனுப்பாமல், பத்துப் பேருக்குப் பத்து விதமாக எழுதவேண்டும்.

"உன் ஊர்ச் சுவாமியையே நினைத்துக்கொள். ஒரு பாதி, உனக்குத் தெரிந்தது. மறு பாதி, அவர்களுக்கு வேண்டியது. இரண்டும் ஒரே உருவமாக நின்றால்தான் தரிசனம்" என்றேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். நல்ல விண்ணப்பம் சம்பளம் கொடுக்காது, கதவைத்தான் திறக்கும். உள்ளே போய் உட்கார்ந்து பேசவேண்டியது நாம்தான். ஆனால் கதவு திறக்காமல் எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகள் வெளித் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்! தங்கள் வேலையை வேலையென்றே எண்ணத் தெரியாமல், "வீட்டோடே இருந்தேன்" என்று சொல்லும் பெண்கள் எத்தனை பேர்! விண்ணப்பம் என்றாலே கைகட்டி வாய்பொத்திக் கேட்கும் பிச்சை என்ற எண்ணம் நமக்கு அந்நிய ஆட்சிக் காலத்து மனுக்களிலிருந்து வந்தது. அந்த ஆட்சி போய்விட்டது. அந்த எண்ணமும் போகவேண்டும். விண்ணப்பம் யாசகம் அன்று. செய்த வேலைக்கு நாமே எழுதும் சாட்சி.

*

மூன்று மாதம் கழித்துத் தங்கை டெலிபோன் செய்தாள். பத்து விண்ணப்பங்களில் இரண்டுக்குப் பதில் வந்ததாம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியார் அவளை அழைத்து, அந்தத் தவறிய பேப்பரைப் பற்றி ஒரு கேள்வியும், தறிக்கூடத்து நூல் கணக்கைப் பற்றி அரை மணி நேரமும் கேட்டார்களாம். மறு வாரமே உத்தரவு வந்துவிட்டது. வெளியில் சொல்லிக்கொள்ளும்படியான சம்பளம்.

பிறகு என் மைத்துனர் பேசினார். "அந்த முப்பதாயிரத்தில் இரண்டு தறிக்கு மோட்டார் மாற்றிவிட்டேன், மச்சான். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்றவர், சற்றுத் தயங்கினார்.

"ஆனால் ஒன்று. அவள் போனதிலிருந்து வாரக் கூலிக் கணக்கு ஒரு தடவைகூட நேராக வரவில்லை. இப்போதுதான் தெரிகிறது, அந்தப் பிள்ளை எவ்வளவு வேலை செய்திருக்கிறாள் என்று!"