உருவமும் அளவும்

சென்னையினின்று அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் மணவூரை அடுத்துள்ள ஊர் திருவாலங்காடு. ஐந்து சபைகளுள் ஒன்றாகிய இரத்தின சபை அமைந்த பதி அது. அவ்வூரின் பழைய செப்புத் திருமேனியாகிய ஆடவல்லான், இன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் நிழற்படங்களைக் கண்ட பிரஞ்சு நாட்டுச் சிற்பி ரோடின், 1913ஆம் ஆண்டில் அதனைப் பெரிதும் வியந்து எழுதினார். ஆளுயரத்திற்கும் குறைந்த அவ்வுருவைச் சுவரளவு பெருக்கிக் காட்டினும், அஞ்சல் தலையளவு சுருக்கிக் காட்டினும் அதன் பொலிவு குன்றுவதில்லை. அஃது ஏன்? உருவின் அழகு அதன் பருமையில் இல்லை. உறுப்புகள் ஒன்றற்கொன்று இயைந்து நிற்கும் விகிதத்தில் உள்ளது.

இவ்வுண்மையை நம் சிற்பிகள் நெடுங்காலத்திற்கு முன்பே விதியாக வகுத்தனர். அதற்குத் தாளமானம் என்று பெயர். இங்குத் தாளம் என்பது இசைத் தாளமன்று. முகத்தின் நீளத்தை அடிப்படையாகக் கொண்ட அளவாகும். சிவபெருமான் திருமேனிக்கு உரியது உத்தம தச தாளம். அதன்படி திருமேனியின் உயரத்தை 124 கூறாகப் பகுத்தல் வேண்டும். அக்கூறு ஒன்றே அத்திருமேனிக்குரிய அங்குலம். உயரம் 124 சென்டிமீட்டராயின் அங்குலம் ஒரு சென்டிமீட்டர். 62 சென்டிமீட்டராயின் அரை சென்டிமீட்டர். அளவுகோல் வெளியிலிருந்து வருவதில்லை, உருவினுள்ளிருந்தே பிறக்கிறது. ஆதலின் உருவம் சுருங்கும்போது கண்ணும் கையும் விரலும் உடன் சுருங்கும். சுவாமிமலைச் சிற்பிகள் தென்னையோலையை உருவின் உயரத்திற்கு நறுக்கி, அதனை மடித்து மடித்தே இக்கூறுகளைக் காண்பர்.

அங்ஙனமாயின், பெரியவர் உருவைச் சுருக்கினால் குழந்தை உருவாகிவிடுமோ? ஆகாது. பிறந்த குழவியின் தலை அதன் உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தோர்க்கோ ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கே. ஆகவே, சுருக்கப்பட்ட பெரியவர் குள்ளராகத் தோன்றுவாரேயன்றிக் குழவியாகத் தோன்றார். இதனாலன்றோ பிள்ளையார்க்குப் பஞ்ச தாளம் எனத் தனி விதி வகுத்தனர்!

இக்காலத்தில் கணிப்பொறித் திரையில் அசையும் படங்களை அமைப்போரும் இவ்விதியையே வேறு வடிவில் கையாளுகின்றனர். அவர்கள் கருதவேண்டுவன நான்கு.

முதலாவது, அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் பெருகுதல். அகலம் மட்டும் பெருகினால் வட்டமான தேர்ச்சக்கரம் முட்டை வடிவாகிவிடும்.

இரண்டாவது, நிலைப்புள்ளி. பெருக்கும்போதும் சுருக்கும்போதும் இடம் பெயராது நிற்கும் புள்ளி அது. வளரும் மரத்திற்கு அதனை அடியில் வைத்தல் வேண்டும். நடுவில் வைத்தால் மரம் மேலே உயர்வதோடு மண்ணுக்குள்ளும் இறங்கும். விரியும் மலர்க்கோ நடுப்புள்ளியே பொருந்தும்.

மூன்றாவது, கோட்டின் தடிப்பு. உருவை இருமடங்காக்கினால் கோடும் இருமடங்கு தடிக்கலாம். மிகச் சுருக்கினால் கண்ணுக்கே புலப்படாது மறையலாம். ஆதலின் வடிவம் மட்டும் மாற, கோடு மாறாதிருக்குமாறு அமைக்கவும் அம்மென்பொருள்களில் வழி உண்டு.

நான்காவது, வளர்ச்சியின் நடை. ஒன்று இரண்டாதல் இருமடங்குப் பெருக்கம். ஒன்பது பத்தாதலோ ஒன்பதில் ஒரு பங்கே. ஆதலின் நொடிதோறும் சமமான அளவைக் கூட்டிக்கொண்டே சென்றால், முதலில் விரைந்து வளர்ந்த உருவம் பின்னர்த் தளர்வதுபோலத் தோன்றும். நொடிதோறும் சமமான மடங்கால் பெருக்கினால் வளர்ச்சி சீராகத் தோன்றும்.

மாணவர்களே! ஓலையை மடித்த கையும் கணிப்பொறியை இயக்கும் கையும் வினவும் வினா ஒன்றே: எது மாறலாம், எது மாறலாகாது? கருவி இட்ட ஏவலைச் செய்யும். இவ்வினாவிற்கு விடை கூறாது. அதனைத் தெளிந்தவன் வரையும் உருவம் சிறிதாயினும் பெரிதாயினும் தன் இயல்பு கெடாது விளங்கும்.