ஒரு சொல்லுக்கு 430 பொருள்!

தஞ்சைப் பக்கம் ஒரு கல்யாண வீடு. பொழுது விடியவில்லை. அதற்குள் மைக் செட் பாடத் தொடங்கிவிட்டது. வாசலில் மேள செட் வந்து இறங்குகிறது. சமையற்கட்டில் டபரா செட்டைக் கழுவி அடுக்குகிறார்கள். மணப்பெண்ணுக்கு நகை செட்டை எடுத்து வைக்கிறாள் அத்தை. மாப்பிள்ளையோடு படித்த 'செட்டு'ப் பையன்கள் வேன் நிறைய வந்துவிட்டார்கள். பெண்ணின் தகப்பனாரை மட்டும் காணோம். எங்கே அவர்? பம்பு செட்டை நிறுத்த வயலுக்குப் போயிருக்கிறாராம்!

ஒரு வீட்டில், ஒரு காலை நேரத்தில், 6 விதமான 'செட்'!

அந்த வீட்டுப் பாட்டிக்கு ஆங்கிலம் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால், "செட்டைக் கழுவு" என்றால் டபராவைக் கழுவுவார். "செட்டுக்கு வெற்றிலை பாக்கு கொடு" என்றால் மேளக்காரரிடம் தட்டை நீட்டுவார். ஒரு நாளும் குழம்பமாட்டார். எப்படி? அந்தச் சொல்லை மட்டும் அவர் பார்ப்பதில்லை. யார் சொல்கிறார்கள், எதைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றும் பார்க்கிறார்.

அகராதியிலே முதலிடம்

'செட்' சாதாரணமான சொல் அல்ல. ஆங்கிலத்தின் மிகப் பெரிய அகராதி, ஆக்ஸ்போர்டு அகராதி. அது முழுமையாக வெளிவந்து முடிந்தது 1928-ல். அதன் 2-ம் பதிப்பு 1989-ல் 20 பெரிய புத்தகங்களாக வந்தது. அதிலே 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள் கொடுத்திருந்தார்கள். வேறு எந்தச் சொல்லுக்கும் அத்தனை பொருள் இல்லை.

பின்னர் அகராதியைத் திருத்தி எழுதியபோது 'ரன்' என்ற சொல் முந்திக்கொண்டது. ஓடுதல் என்று நாம் அறிந்த அந்தச் சொல்லுக்கு 645 பொருள் கணக்கானது. முதலிடம் போனாலும் 'செட்' இன்னும் பெரிய சொல்தான்.

இரண்டு ஆறு கலந்தது போல

ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது?

உண்மையில் இது இரண்டு சொல். ஒன்று, பழைய ஆங்கிலச் சொல். 'உட்காரவை' என்பது அதன் பொருள். நம் மொழியில் 'நில்' என்பதிலிருந்து 'நிறுத்து' வந்ததுபோல, அங்கே 'சிட்' என்பதோடு 'செட்' பிறந்தது. இன்னொன்று, லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவரைப் பின்பற்றும் கூட்டம் என்று அதற்குப் பொருள். இரண்டும் ஓசையில் ஒன்றாகிக் கலந்துவிட்டன.

கூட்டம் என்ற பொருளில் பிறந்தவைதான் கல்யாண வீட்டு செட்டுகள். டபராவும் டம்ளரும் சேர்ந்தால் ஒரு செட். நாயனமும் தவிலும் தாளமும் சேர்ந்தால் ஒரு செட். மோட்டாரும் பம்பும் சேர்ந்தால் பம்பு செட்.

உட்காரவைக்கும் 'செட்' வேறு வேலைகள் செய்கிறது. தயிர் உறைந்தால் 'செட்'. சிமெண்டு இறுகினால் 'செட்'. சூரியன் மறைந்தால் 'செட்'. எலும்பைச் சேர்த்துக் கட்டினாலும், கடிகாரத்தைச் சரியாக வைத்தாலும் 'செட்'. நாற்று நடுவதைக்கூட அந்தச் சொல்லால் சொல்லலாம்.

நம்மிடமும் உண்டு

ஆங்கிலம்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம். நம் 'படி' என்ற சொல்லைப் பாருங்கள். நெல் அளப்பதும் படி. வீட்டு வாசலில் இருப்பதும் படி. பிள்ளையிடம் "படி" என்கிறோம். வெள்ளம் வடிந்த வயலில் வண்டல் படிகிறது. சந்தையில் விலை படிகிறது. உத்தியோகஸ்தருக்குப் பஞ்சப்படி கிடைக்கிறது. "சொன்னபடி செய்" என்றும் சொல்கிறோம். நமக்கு ஒரு குழப்பமும் இல்லை. தமிழ் கற்க வரும் வெள்ளைக்காரருக்குத்தான் தலை சுற்றும்!

ஏமாறும் இடம்

இதே சொல் கடிதத்தில் வரும்போதுதான் ஆபத்து.

ஒரு குத்தகை விவசாயி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தை விட்டு அவரை வெளியேற்ற வருவாய்க் கோர்ட்டில் உத்தரவு ஆகிவிட்டது. அவர் ஹைக்கோர்ட்டுக்குப் போகிறார். பல மாதம் கழித்து ஆங்கிலத்தில் தீர்ப்பு வருகிறது. அந்த உத்தரவு 'செட் அசைட்' என்று எழுதியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகன் அகராதியைப் புரட்டுகிறான். 'செட்' என்றால் வை. 'அசைட்' என்றால் ஒரு பக்கமாக. "நம் வழக்கை ஓரமாக வைத்துவிட்டார்கள், அப்பா" என்கிறான். தகப்பனாருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

உண்மை என்ன? கோர்ட்டு பாஷையில் 'செட் அசைட்' என்றால் ரத்து. அவரை வெளியேற்றும் உத்தரவு ரத்தாகிவிட்டது. நிலம் அவர் கையில்தான்! இதே இரண்டு சொல் பணத்தைப் பற்றி வந்தால், இன்ன காரியத்துக்கென்று ஒதுக்கி வைத்த பணம் என்று பொருள்.

'செட் ஆஃப்' என்பதும் அப்படித்தான். பிரயாணத்தில் அது புறப்படுதல். வெடிக்கட்டில் அது கொளுத்துதல். ஆனால் பாங்கியிலிருந்து வரும் கடிதத்தில் அந்தச் சொல்லைக் கண்டால் கவனமாக இருங்கள். உங்கள் கடன் பாக்கிக்கு, கணக்கில் உள்ள உங்கள் பணத்தை ஈடு செய்துகொண்டார்கள் என்று அர்த்தம்!

பாட்டியின் வழி

தமிழே ஆட்சிமொழி என்று நம் மாநிலத்தில் 1956-ல் சட்டம் வந்தது. இருந்தாலும் கோர்ட்டிலிருந்தும் பாங்கியிலிருந்தும் ஆங்கிலத் தாள்கள் இன்னும் வீட்டுக்கு வருகின்றன. வந்தால் பயப்படவேண்டாம். ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு சந்தோஷப்படவும் வேண்டாம், துக்கப்படவும் வேண்டாம். படித்துச் சொல்பவரிடம் வாக்கியம் முழுவதையும் படிக்கச் சொல்லுங்கள். "யார் எழுதியது? எதைப் பற்றி? இதனால் எனக்கு என்ன ஆகும்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். கோர்ட்டுத் தாளானால் வக்கீலிடமும், பாங்கித் தாளானால் பாங்கியிலேயும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கேட்பதில் வெட்கம் இல்லை. கல்யாண வீட்டுப் பாட்டியும் "எந்த செட்டடா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் தட்டை எடுக்கிறார்!