நாலு பேர் என்ன சொல்வார்கள்?

முறுக்கு மாவுப் பதமும் குழந்தைகளின் சளிக்குக் கைவைத்தியமும் எழுதுகிறவள், இந்த முறை சைக்கிள் ரேஸைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே! இதுவும் நம் வீட்டுச் சமாசாரம்தான்.

எங்களுக்கு வாலாஜாபேட்டை. வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலை. போன வருஷம் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் சின்ன மகள், ஒருநாள் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக, "அம்மா, அண்ணா சைக்கிள் ரேஸுக்குப் பேர் குடுத்துட்டேன்" என்றாள்.

அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15-ஐ ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் போட்டி இது. 13, 15, 17 வயதுக்குட்பட்டவர்கள் என்று மூன்று பிரிவு. பெண்களில் சின்னவர்களுக்கு 10 கிலோமீட்டர், மற்ற இரு பிரிவுக்கும் 15 கிலோமீட்டர். கியர் வைத்த சைக்கிள் கூடாது. நம் நாட்டில் செய்த சாதாரண சைக்கிள்தான். என் பெரிய மகளுக்குப் பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளே போதும்!

மாமியாருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "வயசுக்கு வந்த பொண்ணு ரோட்ல ரேஸ் வுட்டா நாலு பேர் இன்னா சொல்லுவாங்க?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. நான் பிறந்த கிராமத்திலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர், அத்தனையும் ஜல்லி ரோடு. பஸ் கிடையாது. பத்தாவது முடித்ததும், "ஒரு சைக்கிள் வாங்கிக் குடு நைனா" என்று கெஞ்சினேன். எங்கள் ஆயா இதே கேள்வியைத்தான் கேட்டார். என் படிப்பு பத்தோடு நின்றது.

நான் சிறுமியாக இருந்த அதே காலத்தில் புதுக்கோட்டையில் வேறு கதை நடந்திருக்கிறது. 1991-ல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் வாங்கப் பாங்குக் கடனுக்கு வழி செய்தார். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், விவசாயக் கூலிகள், கிராம நர்சுகள் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். கேலி பேசியவர்கள் அங்கேயும் இருந்தார்கள். ஆனால் கைகொடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள். எனக்குக் கிடைக்காதது அதுதான்.

என் மகளுக்காவது கிடைக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஹைவேயில் லாரி பயம். அதனால் விடியற்காலையில் ஏரிக்கரை ஜல்லி ரோட்டில் பழகினாள். அவள் செல்போனில் காட்டித்தான் தெரிந்தது: அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா ஊரில், 2006-ல் தொடங்கி, ஜல்லி ரோட்டிலேயே 200 மைல் ரேஸ் விடுகிறார்களாம்! அங்கேயும் வழியில் குடும்பத்தார் தண்ணீரும் சாப்பாடுமாகக் காத்து நிற்கிறார்கள்.

பங்க்சர் கடைப் பெரியவர் காசு வாங்காமல் சீட் உயரத்தைச் சரிசெய்தார். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் முழங்கால் கிட்டத்தட்ட நீள வேண்டும். இல்லாவிட்டால் முட்டி வலிக்கும். ஜல்லியில் முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடிக்கக் கூடாது என்றும் சொல்லிக்கொடுத்தார். அப்படியும் ஒருநாள் விழுந்தாள். காயத்தில் காபித் தூள் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, டிடி ஊசி போட அழைத்துப் போனேன்.

"சைக்கிள் ஓட்டினா கர்ப்பப்பை கெட்டுப்போகுமாமே?" என்று மாமியார் அங்கிருந்த நர்சம்மாவைக் கேட்டே விட்டார். அவர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல ஆயா. தலைசுத்தல், ரொம்ப உதிரப்போக்கு இருந்தாதான் டாக்டர்கிட்ட காட்டணும். மத்தபடி அந்த நாள்லகூட முடிஞ்சா ஓட்டலாம்" என்றார். முருங்கைக்கீரை, எள்ளுருண்டை கொடுக்கச் சொன்னார். பள்ளியில் தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் போடச் சொன்னார்.

போட்டியன்று இரண்டு மணி நேரம் முன்னதாக நாலு இட்லி, ஒரு வாழைப்பழம். வயிறு காலியாகவும் கூடாது, திம்மென்றும் கூடாது. ஹெல்மெட் மாட்டிவிட்டு ரோட்டோரம் போய் நின்றேன். பக்கத்தில் பார்த்தால், தூக்குவாளியில் உப்புப் போட்ட நீர்மோரோடு மாமியார்! என் மகள் வருவதற்குள், மூச்சு வாங்கி நின்ற வேறு இரண்டு பெண்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

மகள் ஒன்பதாவதாக வந்தாள். முதல் மூன்று இடத்துக்கு 5,000, 3,000, 2,000 ரூபாய். நாலு முதல் பத்து வரை 250 ரூபாய். அந்த இருநூற்றைம்பதில் அவள் புது டியூப் வாங்கினாள். "அடுத்த வருஷம் பெரிய வாளியா எடுத்தாரணும்" என்றார் மாமியார்.

சகோதரிகளே, உங்கள் தெருவிலும் ஒரு பெண் சைக்கிள் எடுப்பாள். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று அவளைத் தடுக்காதீர்கள். அந்த நாலு பேரில் நாமும் ஒருத்திதானே? ஒரு செம்பு மோரோடு ரோட்டோரம் போய் நில்லுங்கள்.