பங்களா காலியானது, வளர்ந்த குட்டிக்கு வீடு எங்கே?

- நமது சிறப்பு நிருபர்

புது தில்லி: நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடரின் முதல் நாளான 2025 டிசம்பர் 1-ஆம் தேதி, காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர் ரேணுகா செளத்ரியின் காரில் ஒரு தெரு நாய்க்குட்டியும் வளாகத்துக்கு வந்தது. வழியில் வாகனத்தில் அடிபட்டுவிடக் கூடாதே என்று தூக்கி வந்ததாக அவர் சொன்னார். நடவடிக்கை தேவை என்று ஆளும்கட்சித் தரப்பில் குரல் எழுந்தது. கடிப்பவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று அவர் திருப்பிக் கொடுத்தார். அன்று தொலைக்காட்சிகளில் அதுவே பேச்சு. குட்டியை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக அவரே கூறினார்.

இந்தச் சச்சரவைக் குறிப்பெடுத்துக் கொண்டிருந்தபோது நமக்கு வேறொரு நாயின் நினைவு வந்தது.

17-ஆவது மக்களவை 2024 ஜூன் 5-ஆம் தேதி கலைக்கப்பட்டது. மீண்டும் தேர்வு பெறாத உறுப்பினர்கள் ஒரு மாதத்துக்குள் அரசு இல்லங்களைக் காலி செய்தாக வேண்டும். தோற்றுப்போன வட மாநில எம்.பி. ஒருவரை ஜூலை முதல் வாரத்தில் பேட்டி காணச் சென்றோம். வாசலில் லாரி நின்றது. சோபா, பீரோ, குளிர்சாதனப் பெட்டி, சுவரிலிருந்து கழற்றிய தலைவர்களின் படங்கள் என ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. பின்புறப் பணியாளர் குடியிருப்பில் சமையல்காரர் தமது இரும்புப் பெட்டியைக் கட்டி முடித்து உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் எட்டு மாதப் பெண் நாய் ஒன்று. பெயர் ராணி.

தெரு நாய் ஒன்று பங்களாவின் கொல்லைப்புறத்தில் ஈன்ற குட்டிகளில் எஞ்சியது அது. வளர்த்தவர் சமையல்காரர். எம்.பி.க்கு அப்படியொரு நாய் இருப்பது தெரியுமா என்பதே ஐயம். சமையல்காரரின் சொந்த ஊர் உத்தரகண்டின் பெளரி மாவட்டத்து மலைக்கிராமம். "ஊருக்குக் கொண்டுபோகலாமே" என்றோம். "எங்கள் ஊரில் சிறுத்தை முதலில் தூக்குவது நாயைத்தான், சாப். இது அறைக்குள் வளர்ந்தது. சிறுத்தையின் வாடையே இதற்குத் தெரியாது" என்றார். தெருவில் விடவும் வழியில்லை. அந்தச் சாலையின் நாய்கள் தங்கள் எல்லைக்குள் புதிய நாயை விடுவதில்லை. கை உணவில் வளர்ந்த நாய் அங்கே ஒரு வாரம் தாக்குப்பிடிக்காது. புதிதாக வரும் எம்.பி.யின் ஆள்களோ நாய் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

வளர்த்த பிராணியைப் பட்டினியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் முறை செய்தால் 10 முதல் 50 ரூபாய் வரை அபராதம். 1960-இல் 50 ரூபாய்க்கு மதிப்பு இருந்தது. இன்று தில்லியில் ஆட்டோ கட்டணத்துக்கே போதாது. அபராதத்தை உயர்த்தும் திருத்த மசோதாவின் வரைவு 2022 நவம்பரில் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. 2025 முடியும் வரை அது அவைக்கு வரவில்லை.

இச்சட்டத்தின் பிறப்பில் தமிழகத்துக்குப் பங்கு உண்டு. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், மறு ஆண்டே இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். சட்டம் வர 1960 ஆயிற்று. 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவர் அவரே. தலைமையகமும் சென்னையில்தான் நெடுங்காலம் இருந்தது. 2018-இல் அது ஹரியானாவின் பல்லப்கருக்கு இடம் மாறியபோது தமிழக உறுப்பினர்கள் இன்னும் உரக்கக் குரல் கொடுத்திருக்கலாம் என்பது நம் எண்ணம்.

ராணிக்கு வீடு தேடும் வேலையில் நாமும் இறங்க நேர்ந்தது. காப்பகம் ஒன்றின் மருத்துவர் வெளிப்படையாகவே பேசினார். அடிபட்டவையும் நோயுற்றவையும் நிறைந்த கூடத்தில், நலமாக உள்ள இளம் நாயை விட்டால் அதற்கும் நோய் தொற்றும் என்றார். "முதலில் கருத்தடை செய்யுங்கள், வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுங்கள். பிறகு ஆள் தேடுங்கள்" என்பது அவர் யோசனை. குட்டியாக இருந்தால் கேட்க ஆள் உண்டு. எட்டு மாதம் ஆன பெண் நாய், அதுவும் நாட்டு நாய் என்றால் பேச்சு அதோடு நின்றுவிடும் என்றும் எச்சரித்தார்.

அப்படித்தான் ஆயிற்று. விசாரித்த பலரின் முதல் கேள்வி "என்ன ஜாதி?" என்பது. 2020 ஆகஸ்ட் 30-ஆம் தேதி வானொலி உரையில் பிரதமர் மோடி இந்திய இன நாய்களை வளர்க்கச் சொல்லி ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றின் பெயர்களைக் குறிப்பிட்டது பலருக்கு நினைவிருக்கிறது. பெயரில்லாத தெருவின் பிள்ளைக்கு அந்தப் பெருமையில் பங்கில்லை. சத்தர்பூர் பண்ணை வீட்டுக்காரர் ஒருவர் காவலுக்குக் கட்டிப்போட நாய் கேட்டார். இரவும் பகலும் சங்கிலிதான் என்று அறிந்ததும் சமையல்காரர் மறுத்துவிட்டார். துவாரகை அடுக்ககத்துக் குடும்பம் ஒன்று கொண்டுபோய், ஒன்பதாம் நாள் திருப்பி அனுப்பியது. நாயை மின்தூக்கியில் ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் சொன்னதாம். அப்படித் தடை விதிக்கச் சங்கங்களுக்கு அதிகாரமில்லை என்று பிராணிகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சுற்றறிக்கையைக் காட்டிச் சண்டை போட அந்தக் குடும்பம் தயாராக இல்லை. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அண்டை வீட்டாரோடுதானே தினமும் முகம் பார்க்க வேண்டும்?

கடைசியில் மயூர் விஹாரில் தனியே வசிக்கும் தமிழரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முன்வந்தார். அழைத்துப் போவதற்கு முன் மூன்று மாலை வேளைகளில் வந்து ராணியோடு உட்கார்ந்திருந்தார். எத்தனை மணிக்குச் சாப்பிடும், இடிச் சத்தத்துக்குப் பயப்படுமா, யாரைக் கண்டால் குரைக்கும் என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். சமையல்காரர் தடுப்பூசிச் சீட்டையும் தமது பழைய கம்பளியையும் கொடுத்தனுப்பினார். அந்தக் கம்பளிதான் உதவியது. முதல் நான்கு நாள்கள் கட்டிலுக்கு அடியில் அதன்மேல் படுத்துக்கொண்டு ராணி வெளியே வரவேயில்லை.

ஓராண்டு கழித்து 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி அந்த அம்மையார் பதற்றத்துடன் தொலைபேசியில் அழைத்தார். தில்லி மற்றும் அண்டை நகரங்களின் தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், திரும்ப வெளியே விடக் கூடாது என்று நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அன்று உத்தரவிட்டிருந்தது. நாய்க்கடிக்கும் வெறிநோய்க்கும் குழந்தைகள் பலியாவது உண்மை. நீதிமன்றத்தின் கவலையை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால், "வாசலில் நிற்கும் ராணியைத் தெரு நாய் என்று பிடித்துப் போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பேன், சார்?" என்ற கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. வேறுபாடு கழுத்துப்பட்டையும் ஒரு காகிதமும்தான். வளர்ப்பு நாயைப் பதிவு செய்ய 1957-ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டம் 399-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. அம்மையார் அதுவரை அதைப் பற்றி நினைக்கவில்லை. அந்த வாரமே விண்ணப்பித்தார்.

ஆகஸ்ட் 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவைத் திருத்தியது. வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தபின் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. விருப்பமுள்ளோர் மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம், தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்றும் கூறியது. நல்ல நிபந்தனைதான். ஆனால் தத்துக் கொடுத்த ஆறு மாதத்தில் ஒருவருக்குப் பணியிட மாற்றம் வந்தால், அந்த நாயை அடுத்த வீட்டுக்குச் சேர்க்க உதவுவது எந்த அலுவலகம்? ரயிலில் உடன் அழைத்துப் போக வேண்டுமானால் முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் தனி அறை முழுவதையும் பதிவு செய்ய வேண்டும். இல்லையேல் கார்டு பெட்டியின் நாய்க்கூண்டு. கடைநிலை ஊழியர்கள் இரண்டுக்கும் தயங்குவதில் வியப்பில்லை.

சமையல்காரர் ஊரில் அதிக நாள் தங்கவில்லை. இப்போது செளத் அவென்யூவில் வேறொரு எம்.பி. வீட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோ ஏறி மயூர் விஹார் போய்வருகிறார். டிசம்பர் 1 இரவு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. காரில் வந்த குட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்.

"அது ஆணா, பெண்ணா, சாப்?"

கவனிக்கவில்லை என்றோம்.

"பெண்ணாக இருந்தால் இப்போதே கேட்டுச் சொல்லுங்கள். இடம் பார்க்க நாள் ஆகும்" என்றார்.