நாய்க் கிண்ணத்துக்கு ஒரு வேப்பமரத் தாங்கி

மல்லசமுத்திரம் பக்கத்துத் தோட்டத்துச் சாளைகளில் நாய்க்குச் சோறு வைப்பது பெரும்பாலும் வாசல் தரையில்தான். நாய் நக்க நக்க எவர்சில்வர் கிண்ணம் நகர்ந்துகொண்டே போகும், மண் சேரும், மிச்சத்தை எறும்பு மொய்க்கும். நாலு கால் வைத்த சிறிய மரத்தாங்கி ஒன்று இந்தத் தொல்லைகளைத் தீர்த்துவிடும். வாள், உளி, கொட்டாப்புளி, இழைப்புளி, மூலைமட்டம், கைத்துரப்பணம், அரைவட்ட அரம் இருந்தால் மின்கருவியே வேண்டாம்.

மரத்துக்கு வேம்பு நல்லது. கரையான் எளிதில் அண்டாது. ஆனால் நன்றாகக் காய்ந்த பலகையாக எடுங்கள். மரம் நீளவாக்கில் அனேகமாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். மேல்பலகையை ஆணியடித்து இறுக்கிவிட்டால் கோடையில் வெடிக்கும். திருகாணித் துளையை அகலவாக்கில் சற்று நீட்டிவிட்டால் பலகை அசைய இடம் கிடைக்கும். கால்களைச் சட்டத்தோடு துளையும் முளையுமாகப் பூட்டுங்கள். தாங்கியின் உயரத்தைவிட அகலம் கூடுதலாக இருந்தால் நாய் முட்டினாலும் கவிழாது.

கஷ்டமான வேலையும் ரசித்துச் செய்ய வேண்டிய வேலையும் கிண்ணம் உட்காரும் வட்டம்தான். கிண்ணத்தைக் கவிழ்த்து விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டால் துளை பெரிதாகி, கிண்ணம் உள்ளே விழுந்துவிடும். விளிம்புக்குக் கீழே உள்ள குறுக்களவை எடுத்துக் கவராயத்தால் வட்டமிடுங்கள். கோட்டுக்கு உட்புறமாக நெருக்கி நெருக்கித் துளை போட்டு, இடையில் நிற்கும் மரத்தை உளியால் வெட்டினால் நடுத்துண்டு கழன்றுவிடும். பாதி ஆழம் வெட்டியதும் பலகையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒரே பக்கமிருந்து அடித்தால் மறுபக்கம் பிசிறிப் பெயரும். மிச்சத்தை அரத்தால் கோடு வரை ராவி எடுக்கலாம். பலகையின் இரு தலைப்பிலும் நாலு விரற்கடை மரம் விடுங்கள். அங்கே நார் குறுக்கே ஓடுவதால் மெலிந்தால் ஒடியும்.

பூச்சுக்குக் கடலை எண்ணெய் ஆகாது. அது காயாமல் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும். தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள். எறும்புக்காகக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணிகளில் நிறுத்துவதானால், கால்களின் அடிப்பக்கத்துக்கு எண்ணெயை இரண்டு மூன்று தரம் ஊட்டுங்கள். மரம் அதிகம் தண்ணீர் குடிப்பது அங்கேதான்.

கழுத்துவலியோ மூட்டுவலியோ உள்ள கிழட்டு நாய்க்கு உயர்ந்த கிண்ணம் சுகம். பேரினங்களின் கதை வேறு. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்த்தி வைத்த கிண்ணத்தில் தின்ற பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து கூடுதலாக இருந்தது. அப்படிப்பட்ட நாய் வளர்ப்பவர்கள் உளியை எடுக்கும் முன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.