தேர்ச்சியில் முதலிடம், எழுத்தறிவில் கடைசி வரிசை

2025 பிளஸ் டூ தேர்வில் மாநிலத்திலேயே முதலிடம் அரியலூர் மாவட்டம்: 98.82% தேர்ச்சி. பத்தாம் வகுப்பில் 2023-ல் பெரம்பலூர் முதலிடம், 2024-ல் அரியலூர்.

இப்போ 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் திறந்து பாருங்க. எழுத்தறிவு அரியலூரில் 71.3%, பெரம்பலூரில் 74.3%. தமிழ்நாட்டுச் சராசரி 80.1%. கன்னியாகுமரி கிட்டத்தட்ட 92%.

எது உண்மை? ரெண்டுமேதான்.

தேர்ச்சி விகிதம் அந்த வருஷம் பரீட்சை எழுதின பிள்ளைகளை மட்டும் அளக்குது. எழுத்தறிவு விகிதத்தில் 7 வயசிலிருந்து எல்லாரும் உண்டு. பள்ளிக்கூடமே போகாத பாட்டியும் உண்டு. 2011-ல் அரியலூர் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 62% தான். ஒண்ணு குழாயில் வர்ற தண்ணி, இன்னொண்ணு தொட்டியில் நிற்கிற தண்ணி.

குழாய் நல்லா வந்தா தொட்டி நிறையணுமே? அடியில் ஒரு ஓட்டை இருக்கு: வேலை.

அரியலூரின் பெரிய தொழில் சிமெண்ட். காரணம் மண்ணுக்கடியில் இருக்கிற சுண்ணாம்புக்கல். கல் இருக்கிற இடத்துக்கு ஆலை வந்துதான் ஆகணும். ஆனா சிமெண்ட் ஆலை முதலீட்டை விழுங்குற அளவுக்கு ஆளை எடுக்காது. சூளை இரவு பகலா எரியும், கண்ட்ரோல் ரூமில் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். மென்பொருள் கம்பெனிக்குக் கல் வேண்டாம், ஏற்கெனவே எஞ்சினியர்கள் கூடியிருக்கிற ஊர் வேண்டும். அதனால் அது சென்னைக்கும் கோவைக்கும் போகுது. செந்துறையில் படித்த பையனும் பின்னாலேயே போறான். கணக்கெடுப்பு ஆளை வசிக்கிற இடத்தில் எண்ணுவதால், அவன் பட்டம் சென்னைக் கணக்கில் ஏறுது. செந்துறை ஆசிரியர்களின் உழைப்பு சென்னையின் சராசரியை உயர்த்துது! தெற்கு இத்தாலியிலும் இதே கதைதான்: படித்தவர்கள் மிலானுக்கு ரயில் ஏறுகிறார்கள்.

இப்போ பெரம்பலூர் எறையூரிலும் ஜெயங்கொண்டம் சிப்காட்டிலும் காலணி ஆலைத் திட்டங்கள் வந்திருக்கு. காலணித் தொழிலுக்கு ஆள் நிறைய வேண்டும், முக்கியமாகப் பெண்கள். இது நல்ல மாற்றம். ஆனா பி.இ. முடித்த பெண்ணுக்கு அங்கே தையல் லைன் தவிர டிசைன், தரக்கட்டுப்பாடு, நிர்வாகம்னு இடம் இருக்குமா என்பதுதான் கேள்வி.

அதனால் ரிசல்ட் அன்னைக்கு வர்ற சதவீதத்தோடு நிறுத்தாமல், அதே பிள்ளைகள் 25 வயசில் எந்த ஊரில், என்ன வேலையில் இருக்காங்கன்னும் மாவட்டவாரியா எண்ணணும். மாவட்டம் முன்னேறுதா இல்லையான்னு அந்தக் கணக்குதான் சொல்லும்.